சைக்கிளுக்கு ஏற்ற நகரம் எது? ரொறன்ரோவின் வீதிகளை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு நகரம் சைக்கிள் ஓட்டுவதற்கு ஏற்றதா என்று வட அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் பேச்சு முதலில் காலநிலைக்குத்தான் போகும். பனி கொட்டும் ஊரில் எப்படி ஓட்டுவது என்பார்கள்; அடுத்து மேடு பள்ளத்தைச் சொல்வார்கள்; கடைசியில், இங்குள்ளவர்கள் காருக்குப் பழகியவர்கள், அதை மாற்ற முடியாது என்று முடித்துவிடுவார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த ஊரில் மக்கள் சைக்கிளில் போகிறார்கள், எந்த ஊரில் போவதில்லை என்ற வேறுபாட்டை இந்த மூன்று காரணங்களும் விளக்குவதில்லை. புளோரிடா மாநிலம் பலகை போலத் தட்டையானது, பனியை ஏறக்குறைய அறியாதது. இருந்தும், மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால், சைக்கிளில் சென்று உயிரிழப்போர் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலமாக அது பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. மொன்றியலிலோ ஒரு குளிர்காலத்தில் சராசரியாக இரண்டு மீற்றருக்கும் மேலே பனி விழுகிறது. ஆயினும் வட அமெரிக்காவின் பெருநகரங்களில் சைக்கிளுக்கு உகந்தது எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் அதன் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. குன்றுகள் நிறைந்த சான் பிரான்சிஸ்கோவில்கூட, ஏற்றங்களைத் தவிர்த்து வளைந்து வளைந்து செல்லும் ‘விகிள்’ என்ற வழியில் நாள்தோறும் திரளானோர் போய்வருகிறார்கள். மின்சைக்கிள் வந்தபின் ஏற்றம் முன்போல ஒரு தடையாகவும் இல்லை.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபறோவில் வாழும் தமிழருக்கு இதை உணர்த்தப் புள்ளிவிவரம்கூடத் தேவைப்படாது. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளிலேயே போய் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களும், 1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் மூட்டைமுடிச்சுகளைச் சைக்கிளில் கட்டி ஏற்றிப் பல மைல் மிதித்தவர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய கால்கள் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரவில்லை. இருந்தும் எக்ளிண்டன் கிழக்கு வீதியிலோ மார்க்கம் வீதியிலோ அவர்களில் ஒருவரைச் சைக்கிளில் காண்பது அரிது. ஆள் அதே ஆள்தான் என்றால், அவரை இறக்கிவிட்டது எது என்பதை வீதியில்தான் தேடவேண்டும்.

அமெரிக்காவின் போட்லண்ட் மாநகரத்தின் சைக்கிள் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்த றொஜர் கெல்லர், 2000களின் நடுப்பகுதியில் தம் நகர மக்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். எந்த வீதியிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. ஓரளவு வசதி இருந்தால் உற்சாகமாக ஓட்டுபவர்கள் ஏறத்தாழ 7 வீதம். என்ன செய்தாலும் சைக்கிளைத் தொடாதவர்கள் 33 வீதம். மீதி 60 வீதத்தினர் ஓட்ட விரும்பியும் வாகனங்களுக்கு அஞ்சி ஓட்டாதிருப்பவர்கள். இந்த எண்கள் அவருடைய மதிப்பீடுகளே. ஆயினும் வடிவமைப்பாளர்களின் பார்வையை இவை திருப்பிவிட்டன. நகரம் யாருக்காகச் சைக்கிள் பாதை போடவேண்டும் என்றால், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் துணிச்சல்காரருக்காக அன்று. அந்த அறுபது வீதத்தினருக்காக, அதாவது பிள்ளையைப் பின்னால் இருத்திச் செல்லும் தாய்க்காகவும், நூலகத்துக்குத் தனியே போக விரும்பும் பத்து வயதுச் சிறுமிக்காகவும், மூட்டுவலியோடு மெல்ல மிதிக்கும் முதியவருக்காகவும் போடவேண்டும். ஒரு நகரம் நல்லதா கெட்டதா என்று அளப்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தைரியம் இல்லாதவர் ஒருவர், வீட்டு வாசலிலிருந்து தாம் போகவேண்டிய இடம் வரையில், நடுவில் ஒருமுறைகூட உயிருக்கு அஞ்சாமல் போய்ச்சேர முடிகிறதா? இனி வருவன எல்லாம் இந்த ஒரு கேள்வியின் உட்பிரிவுகளே.

முதலில் வேகம். மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது; ஆகவே 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதே காரைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. 60 என்றால் நான்கு மடங்கு. வேகத்தைப் பலகையில் எழுதிவைத்தால் மட்டும் போதாது. வட அமெரிக்கப் புறநகரின் பெருவீதிகள் பலவற்றில், தடத்தின் அகலம் நெடுஞ்சாலைத் தடத்துக்குரிய 3.6 மீற்றரை ஒட்டியே வைக்கப்பட்டது. அகன்ற, நேரான, மரநிழல் இல்லாத ஆறு தட வீதியில் 50 என்று பலகை சொன்னாலும், வீதியின் உருவம் 70க்கு அழைக்கிறது. அதற்கும் மேலாக, வேக எல்லையைத் தீர்மானிப்பதற்கு நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்ட ஒரு முறைப்படி, ஓட்டுநர்களில் 85 வீதத்தினர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்களோ அதுவே எல்லையாக வைக்கப்பட்டது. வீதி வேகத்தைத் தூண்ட, அந்த வேகமே சட்டமாகிவிடும். கடைகளும் வீடுகளும் வாசல் வைத்திருக்கும் தெருவாகவும், வாகனங்கள் விரைந்து கடக்கும் நெடுஞ்சாலையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முயலும் இத்தகைய வீதிக்கு, சாள்ஸ் மரோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ‘ஸ்ட்ரோட்’ என்று பெயர் வைத்தார். ஸ்காபறோவின் பெருவீதிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய வீதியில் வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்து, நடுவில் ஒரு சைக்கிள் படம் வரைந்துவிட்டால் அது சைக்கிள் பாதை ஆகிவிடாது. கோடு எந்த வாகனத்தையும் தடுப்பதில்லை. பொதி விநியோகிக்கும் வான் அதன் மேல் நிற்கும், சைக்கிள்காரர் அதைச் சுற்றிக் கார்களுக்கு நடுவே போகவேண்டும். நிறுத்திய கார்களை ஒட்டிக் கோடு ஓடினால் இன்னொரு ஆபத்து உண்டு. திடீரெனத் திறக்கப்படும் கார்க் கதவு ஏறக்குறைய ஒரு மீற்றர் வெளியே நீளும், அந்த ஒரு மீற்றர்தான் சைக்கிளுக்கென்று விடப்பட்ட இடமாகவும் இருக்கும். நல்ல நகரங்களில் இடையில் கொங்கிறீற் விளிம்போ பூந்தொட்டியோ, அல்லது நிறுத்திய கார்களின் வரிசையேயோ தடுப்பாக நிற்கிறது. கார்களும் சைக்கிள் பாதையும் இடம் மாற்றிக்கொண்டாலே போதும். ஓடும் வாகனத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நிற்கும் கார் ஒரு மதில் ஆகிவிடும்.

இவ்வளவு எளிய ஒன்று ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்பவர்கள், 1970களின் கலிபோர்னியாவைத் திரும்பிப் பார்க்கவேண்டும். அங்கே டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊர் 1967இலேயே சைக்கிளுக்கெனத் தனித்தடம் வரைந்து அமெரிக்காவுக்கு வழிகாட்டியிருந்தது. ஆனால் ஜோன் ஃபொறஸ்ரர் என்பவர், சைக்கிள்காரர் தம்மை ஒரு வாகன ஓட்டுநராகவே கருதிக் கார்களோடு கலந்து ஓட்டுவதே பாதுகாப்பு என்றும், தனிப்பாதை ஆபத்தானது என்றும் வலுவாக வாதிட்டார். திறமையும் வேகமும் உள்ளவர்களுக்கு அது பொருந்தலாம். ஆயினும் அந்த வாதம் பொறியியலாளர்களிடையே செல்வாக்குப் பெற்றதால், தனிப்பாதைகள் பல பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டன. அந்த இடைவெளியில் ஒரு முழுத் தலைமுறை சைக்கிளை விளையாட்டுப் பொருளாக மட்டுமே அறிந்து வளர்ந்துவிட்டது. நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட ஒரு கருத்து இவ்வளவு இழப்பை உண்டாக்கியதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

எனினும் இவை எல்லாம் இரண்டு சந்திகளுக்கு நடுவில் உள்ள வீதியைப் பற்றியவை. மோதல்கள் பெரும்பாலும் நிகழ்வது சந்திகளில்தான். ஒரு சந்தியை நெருங்கிப் பார்ப்போம். சைக்கிள்காரர் வலப்பக்க ஓரமாக நேரே போக வருகிறார். சந்திக்குச் சில பத்து மீற்றர் முன்னால், இதுவரை முழுக்கோடாக வந்தது விட்டுவிட்டு வரும் கோடாக மாறுகிறது; பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. வலப்பக்கம் திரும்பும் கார்களுக்கென ஒரு தடம் அவருக்கு வலப்புறமாகத் திறக்கிறது. திரும்பப்போகும் கார்கள் அவருடைய பாதையை வெட்டிக்கொண்டு அங்கே நுழைகின்றன. இப்போது அவருக்கு இருபுறமும் கார்கள். மூலையின் வளைவு லொறிகள் சுலபமாகத் திரும்பவேண்டும் என்று பெரிதாக வெட்டப்பட்டிருப்பதால், கார்கள் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காமலே திரும்புகின்றன. சிவப்பு விளக்கு எரிந்தாலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம் என்பது ஒன்ராறியோ மாகாணத்தின் விதி. அப்படித் திரும்ப நிற்பவரின் கண், இடப்பக்கமிருந்து வரும் கார்களுக்கு நடுவில் ஓர் இடைவெளியைத் தேடிக்கொண்டிருக்கும்; தம் வலப்பக்கத்தில் வந்து நிற்கும் சைக்கிளை அவர் காண்பதில்லை. மொன்றியல் தீவுக்குள் சிவப்பில் வலம் திரும்புவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. நியூயோர்க் நகரத்திலும் அப்படியே. காரோட்டிக்குச் சில விநாடிகள்தான் தாமதம், ஆனால் பாதசாரிக்கும் சைக்கிள்காரருக்கும் அந்த விநாடிகள் பெரிய பாதுகாப்பு.

இதே சந்தியை வேறு விதமாகவும் கட்டலாம். மூலையில் ஒரு சிறிய கொங்கிறீற் திட்டு வைத்து, சைக்கிள் கடக்கும் இடத்தை ஒரு காரின் நீளம் அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டால், திரும்பும் கார் முதலில் வேகம் தணிந்து வளையவேண்டும். வளைந்து முடியும்போது சைக்கிள் அதன் முகப்புக் கண்ணாடிக்கு நேர் எதிரே தெரியும். பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நிழலாகத் தெரிந்த ஆள், இங்கே முகத்தோடு தெரிகிறார். நெதர்லாந்தில் வழக்கமான இந்த அமைப்பு, 2015இல்தான் டேவிஸிலும் சோல்ட் லேக் சிற்றியிலும் அமெரிக்காவின் முதல் எடுத்துக்காட்டுகளாக வந்தது. சைக்கிளுக்குச் சில விநாடிகள் முன்னதாகப் பச்சை காட்டும் விளக்கும் இதே நோக்கத்துக்காகத்தான்.

நல்ல பாதைகள் சிலவும் நல்ல சந்திகள் சிலவும் இருந்தாலும், அவை ஒன்றோடொன்று தொடராவிட்டால் பயனில்லை. ஐந்து கிலோமீற்றர் பயணத்தில் நான்கே முக்கால் கிலோமீற்றர் பாதுகாப்பாக இருந்து, கால் கிலோமீற்றர் அச்சமாக இருந்தால், அந்தத் தாய் சைக்கிளை எடுக்கவே மாட்டார். ஸ்காபறோவில் அந்தக் கால் கிலோமீற்றர் எங்கே என்பது ஊரறிந்த செய்தி. வட அமெரிக்காவிலேயே மிக நெரிசலான நெடுஞ்சாலைகளில் ஒன்றான 401, ஊரைக் கிழக்கு மேற்காக அறுத்துக்கொண்டு போகிறது. அதைத் தாண்டும் பாலங்கள் பலவற்றில், நெடுஞ்சாலைக்கு ஏறும் வழியும் இறங்கும் வழியும் சைக்கிள்காரரின் ஓரத்தை வெட்டிச் செல்கின்றன. அவருக்குப் பின்னால் வரும் கார் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்காக முடுக்கிக்கொண்டே வலப்பக்கம் விலகுகிறது; எதிரே இறங்கி வரும் காரோ நெடுஞ்சாலையின் வேகத்தை இன்னும் கழற்றாமல் வீதிக்குள் சேர்கிறது. அந்த இரண்டு வெட்டுகளுக்கும் பயந்து, வடக்கே இருப்பவர் வடக்கேயும் தெற்கே இருப்பவர் தெற்கேயும் இருந்துவிடுகிறார்கள்.

மாறாக, மின்கம்பிக் கோபுரங்களின் கீழே ஓடும் புல்வெளியில், டொன் பள்ளத்தாக்கையும் றூஜ் தேசிய நகரப் பூங்காவையும் 16 கிலோமீற்றரில் இணைக்கும் மெடோவே என்ற திட்டம் ஸ்காபறோவுக்குக் கிடைத்த அரிய கொடை. வேனிலில் அங்கே பறவைக் கூச்சலைக் கேட்டபடி ஓட்டலாம். ஆனால் இத்தகைய பசும்பாதை ஒவ்வொரு பெருவீதியையும் இரண்டு சந்திகளுக்கு நடுவில்தான் வந்து முட்டும். அந்த இடத்தில் விளக்கு இருந்தால் பொத்தானை அழுத்திக் கடக்கலாம். இல்லாவிட்டால் நடைபாதையில் திரும்பி அடுத்த சந்தி வரையில் போய், கடந்து, மறுபக்கமாகத் திரும்பி வரவேண்டும். மினியாபொலிஸ் நகரத்தின் மிட்டவுன் கிறீன்வே இந்தச் சிக்கலை இயல்பாகவே தவிர்த்துவிட்டது. பழைய இரயில் பாதையின் வழியே சுமார் 9 கிலோமீற்றர் ஓடும் அது, பள்ளத்துக்குள் இறங்கிச் செல்லும் பகுதியில் வீதிகள் தலைக்கு மேலே பாலங்களாகக் கடந்துபோகின்றன. அங்கே சைக்கிள்காரர் சந்திகளில் நிற்கவேண்டியதில்லை.

தூரமும் ஒரு காரணம். பிரித்தானிய நில அளவையாளர்கள் விவசாயக் காணிகளைப் பிரித்தபோது, ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாகக் கிழக்கு மேற்கு வீதிகளை அமைத்தார்கள். லோறன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேட், ஃபின்ச், ஸ்டீல்ஸ் என்று இன்று நாம் எண்ணிக்கொண்டு போகும் வரிசை அதுதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்தக் கட்டங்களின் உள்ளே வளைந்து மடங்கும், முட்டுச்சந்தில் முடியும் குடியிருப்புத் தெருக்கள் நிரப்பப்பட்டன. உள்ளே அமைதி, வெளியே போகவேண்டுமானால் அதே பெருவீதியைத் தவிர வேறு வழி இல்லை. கடைகளோ அந்தப் பெருவீதியில், முன்னால் பெரிய வாகனத் தரிப்பிடத்தோடு இருக்கின்றன. இத்தனை சதுர அடிக்கு இத்தனை தரிப்பிடம் கட்டாயம் என்று நகரச் சட்டங்கள் பல பத்தாண்டுகள் விதித்து வந்தன. ரொறன்ரோ 2021இன் இறுதியில்தான் அக்கட்டாயத்தைப் பெரும்பாலும் நீக்கியது. மரக்கறி வாங்கச் சைக்கிளில் போகிறவர், பின்னோக்கி எடுக்கும் கார்களுக்கு நடுவே அந்தத் தரிப்பிடத்தைக் கடந்து கடை வாசலை அடைந்தபின், பூட்டுவதற்கு ஒரு கம்பி தேடித் தள்ளுவண்டிகள் அடுக்கிய இடத்தின் கைப்பிடியில் கொண்டுபோய்ப் பூட்டுவதை யாரும் பார்த்திருக்கலாம்.

உட்தெருக்கள் ஒன்றோடொன்று இணையும் ஊர்களில் இன்னொரு வழி உண்டு. அதை நன்றாகச் செய்து காட்டியது வன்கூவர். நகர மையத்தை நெடுஞ்சாலை ஊடறுக்காமல் 1960களின் இறுதியில் மக்கள் போராடித் தடுத்த ஊர் அது. பெருவீதிக்கு இணையாக ஓடும் அமைதியான குடியிருப்புத் தெருவைத் தெரிந்தெடுத்து, சில சந்திகளில் குறுக்கே ஒரு தடுப்பை வைக்கிறார்கள். சைக்கிளும் நடப்பவரும் அதன் இடைவெளியால் நேரே போகலாம், கார் திரும்பிவிடவேண்டும். அந்தத் தெருவாசிகளின் கார் வீட்டுக்கு வரத் தடையில்லை, குறுக்குவழி தேடும் காருக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. செலவும் குறைவு. ஆனால் வளைவும் முட்டுச்சந்துமான ஸ்காபறோத் தெருக்களில் இதை அப்படியே நடுவது கடினம். முட்டுச்சந்துகளை இணைக்கும் சிறு ஒழுங்கைகளை முதலில் திறக்கவேண்டும்.

பனியைப் பொறுத்தவரை, பனியின் அளவைவிட அதை யார், எப்போது, எங்கே தள்ளுகிறார்கள் என்பதே முக்கியம். வீதியை வழிக்கும் வண்டி பனியை வலப்பக்க ஓரத்துக்குத் தள்ளும்; வர்ணக்கோட்டுச் சைக்கிள் பாதை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. தனித்தடமாகக் கட்டப்பட்ட பாதைக்குள் போகக்கூடிய ஒடுங்கிய வண்டி ஒன்று இருந்து, அது விடியுமுன் புறப்பட்டால், சைக்கிள் குளிர்காலத்திலும் ஓடும். மொன்றியலில் 2009இல் தொடங்கிய பிக்ஸி என்ற பொதுச் சைக்கிள் சேவை, 2023-24 குளிர்காலம் முதல் பனிக்காலத்திலும் இயங்கத் தொடங்கியது.

மொன்றியலுக்கு இவை எளிதில் கிடைத்தவை அல்ல. 1975இல் தொடங்கிய ஒரு சைக்கிள் உரிமை இயக்கத்தில், றொபேட் சில்வர்மன், கிளேர் மொறிசெற் முதலியோர் முன்னின்றார்கள். சுரங்க இரயிலில் சைக்கிளுக்குத் தடை இருந்தபோது, ஏணிகள் போன்ற பெரிய பொருள்களைத் தூக்கிக்கொண்டு ஏறி, இவற்றுக்கு இடமிருக்கிறது, சைக்கிளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். ஆற்றைக் கடக்கப் பாதை வேண்டும் என்பதற்காக, சில்வர்மன், கடலைப் பிளந்ததாக விவிலியம் சொல்லும் மோசேயின் வேடம் தரித்துச் சென் லோறன்ஸ் நதியைப் பிளக்கும்படி கையை உயர்த்தி நின்றார். இன்று நகர மையத்தினூடாக ஓடும் டு மெசொன்னெவ் தனிப்பாதை மொறிசெற்றின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2020இல் சென் டெனி வீதியில் வீதியின் இருபுறமும் அகன்ற தனித்தடம் போடப்பட்டபோது வணிகர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தத் தடம் இப்போது ஆண்டொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் பயணங்களைத் தாங்குகிறது.

ரொறன்ரோவில் கதை முன்னும் பின்னுமாக நகர்ந்தது. ஸ்காபறோவின் பேர்ச்மவுண்ட் வீதியிலும் ஃபார்மஸி அவெனியூவிலும் இருந்த சைக்கிள் தடங்களை அகற்ற 2011இல் மாநகரசபை வாக்களித்தது. நகர மையத்தின் ஜாவிஸ் வீதித் தடம் 2012இல் நீக்கப்பட்டது. 2016இல் புளோர் வீதியில் சோதனையாகப் போடப்பட்ட தடம் அடுத்த ஆண்டு நிரந்தரமானது. கடைகள் படுத்துவிடும் என்ற அச்சம் மெய்யாகவில்லை. பிறகு 2024 நவம்பரில், புளோர், யங், யூனிவர்சிற்றி வீதிகளின் தடங்களை அகற்ற வழிசெய்யும் சட்டத்தை ஒன்ராறியோ மாகாண அரசு நிறைவேற்றியது. அவ்வாறு அகற்றுவது, உயிருக்கும் பாதுகாப்புக்கும் கனடாவின் உரிமைகள் சாசனம் அளிக்கும் உறுதியை மீறுவதாகும் என்று 2025 ஜூலையில் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது. இந்த அலைக்கழிப்பும் நகரத்தின் தரத்தில் ஒரு பகுதியே. அடுத்த தேர்தலில் பாதை இருக்குமா என்று தெரியாத ஊரில், காரை விற்றுவிட்டுச் சைக்கிளை நம்ப யார் துணிவார்?

உங்கள் பகுதி எப்படி என்று அறிய விரும்பினால், ஒரு ஞாயிறு காலை, வாகனங்கள் குறைந்த நேரத்தில், வீட்டிலிருந்து அருகிலுள்ள நூலகத்துக்கோ கோயிலுக்கோ சைக்கிளில் மெல்லப் போய்ப்பாருங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றிய ஒவ்வொரு இடத்தையும், நடைபாதையில் ஏறிவிடலாமா என்று மனம் சொன்ன ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அத்தகைய இடங்கள் பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் இருக்கும்: ஒரு சந்தி, ஒரு பாலம், கோடு நின்றுபோகும் ஒரு முனை. ரொறன்ரோவில் என்றால் 311 என்ற மாநகரச் சேவை எண்ணிலும், உங்கள் வட்டாரத்தின் மாநகரசபை உறுப்பினரிடமும் அந்த இடங்களைச் சந்தியின் பெயரோடு, எந்தத் திசையில் போகும்போது என்ன நேர்கிறது என்ற விவரத்தோடு எழுதிக்கொடுக்கலாம்.